இருபத்தைந்தாம் எண் கவுன்ட்டர்

திருப்பூரில் பனியன் யூனிட்டுகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவர் என் மச்சான். வாடகைக்கு இருந்த அறையைக் காலி செய்து வேலையை வீட்டுக்கே கொண்டுவந்தார். வீட்டுக்குப் புதிதாக ஃபைபர் இணைப்பும் போட்டார். இரண்டாம் நாள் போன் வந்தது.

"மாப்ள, நெட்டு பிரமாதமா இருக்குதுங்க. யூட்யூப் நிக்காம ஓடுது. ஆனா பில்லு மட்டும் மெயில்ல போகமாட்டேங்குது."

அவருடைய கணக்கு மென்பொருளுக்கு வயது பத்துக்கு மேல். மாதக் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு யூனிட்டுக்கும் உரிய பில்லை அதுவே மின்னஞ்சலில் அனுப்பிவிடும். இப்போது அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது. இருபது வினாடி போலச் சுற்றிவிட்டு, நேரம் கடந்துவிட்டது என்று கைவிரிக்கிறது. ரவுட்டரை மூன்று முறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டார். வாடிக்கையாளர் சேவையைக் கூப்பிட்டதற்கு, வேகத்தைச் சோதித்துப் பார்த்து "நெட் நல்லாத்தான் இருக்கு சார்" என்று புகாரை முடித்துவிட்டார்கள்.

அவர்கள் சொன்னதிலும் பொய் இல்லை, மச்சான் சொன்னதிலும் பொய் இல்லை. இணையத்தை நாம் கரன்ட் மாதிரி நினைத்துக்கொள்கிறோம்: வந்தால் வரும், போனால் போகும். ஆனால் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் வழியில் யாரோ தடை போட்டிருக்க முடியும். போட்டது யார், எங்கே, எதற்காக என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஒழுங்காகக் கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும்.

ஒரே முகவரி, பல கவுன்ட்டர்

ஐபி முகவரி ஒரு தகவல் பொட்டலத்தை உரிய கணினியின் வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அந்தக் கணினியிலோ ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. ஒரு நிரல் இணையப் பக்கங்களைத் தருகிறது, இன்னொன்று மின்னஞ்சலை வாங்குகிறது, வேறொன்று கோப்புகளைப் பகிர்கிறது. வந்த பொட்டலம் இவற்றில் யாருக்கு? அதைச் சொல்லும் எண்தான் போர்ட்.

தாலுகா அலுவலகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டடம் ஒன்று, முகவரி ஒன்று. உள்ளே பட்டாவுக்கு ஒரு கவுன்ட்டர், வருமானச் சான்றிதழுக்கு வேறொரு கவுன்ட்டர். போர்ட் எண் 16 பிட் அளவுள்ளது என்பதால், 0 முதல் 65,535 வரை கவுன்ட்டர்கள் இருக்கலாம். முதல் 1,024 எண்கள் பொதுச் சேவைகளுக்கென்று ஒதுக்கப்பட்டவை. இணையப் பக்கத்துக்கு 80, பூட்டிய இணையப் பக்கத்துக்கு 443, பெயரைச் சொன்னால் முகவரி தரும் டிஎன்எஸ் சேவைக்கு 53, மின்னஞ்சலுக்கு 25.

இந்த எண்களுக்கு இயற்கையான காரணம் எதுவும் இல்லை. எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரு பட்டியல், அவ்வளவுதான். 1972-இல் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க இளைஞர், இந்த எண்களைப் பங்கிட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அது நானாகவே இருக்கலாமோ என்று பாதி வேடிக்கையாக ஒரு குறிப்பு எழுதினார். 1998-இல் அவர் இறக்கும் வரை அந்தக் கணக்குப் புத்தகம் அவர் பொறுப்பில்தான் இருந்தது. 1995-இல் பின்லாந்தின் தாத்து யூலோனென், தொலைவில் இருக்கும் கணினியைப் பாதுகாப்பாக இயக்கும் எஸ்எஸ்எச் நிரலை எழுதி முடித்தார். எஃப்டிபியின் 21-க்கும் டெல்நெட்டின் 23-க்கும் நடுவே 22 காலியாக இருப்பதைப் பார்த்து, அதைக் கொடுங்கள் என்று கடிதம் போட்டார். மறுநாளே கொடுத்துவிட்டார்கள். உலகத்துச் சர்வர்களை எல்லாம் இன்று பராமரிக்கிற கவுன்ட்டர் அப்படித்தான் திறந்தது.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். போர்ட் அடைபட்டிருக்கிறது என்று கேட்டதும் பலர் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் புகுந்து போர்ட் ஃபார்வர்டிங்கில் 25-ஐத் திறந்து வைக்கிறார்கள். மச்சானும் யாரோ சொன்னதைக் கேட்டு அதைச் செய்திருந்தார். அது வெளியிலிருந்து நம் வீட்டுக்குள் வருபவர்களுக்கான ஏற்பாடு. நாம் வெளியே போகும்போது பொட்டலத்தில் எழுதப்படும் 25, எதிர் முனையில் இருக்கும் கவுன்ட்டரின் எண். நம் பக்கத்தில் கணினி பெரிய எண்களில் ஏதாவது ஒன்றை டோக்கன் போலக் கிழித்துக்கொள்ளும், வேலை முடிந்ததும் தூக்கிப் போட்டுவிடும். ஆகவே நம் வீட்டில் திறப்பதற்கு ஒன்றுமில்லை. நம் வீட்டுக்கும் அந்தக் கவுன்ட்டருக்கும் இடையே யாரோ நின்றுகொண்டு, பொட்டலத்தின் மேல் 25 என்று இருந்தால் மட்டும் அதை வாங்கிக் குப்பைக் கூடையில் போடுகிறார்கள்.

மறுப்பு வேறு, மௌனம் வேறு

அடுத்த ஞாயிறு என் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதில் ஓடுவது சற்றுப் பழைய லினக்ஸ். மச்சானின் மென்பொருளை ஒதுக்கி வைத்துவிட்டு, அவருடைய மெயில் சர்வரின் 25-ஆம் போர்ட்டை நேரடியாகத் தட்டினேன். கறுப்புத் திரையில் கட்டளையைக் கொடுத்தால் வெள்ளைக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. மச்சான் டீ வாங்கி வரப் போனார். திரும்பி வந்தபோதும் அது மின்னிக்கொண்டுதான் இருந்தது. கைக்கடிகாரத்தில் பார்த்தேன்: இரண்டு நிமிடம் ஏழு வினாடி கழித்து, நேரம் கடந்தது என்று முடிந்தது.

அந்த 127 வினாடிக்கு ஒரு கணக்கு உண்டு. டிசிபி முறையில் இரண்டு கணினிகள் பேசத் தொடங்கும் முன் மூன்று பொட்டலங்கள் கைமாறும். பேசலாமா என்று நாம் கேட்க வேண்டும். பேசலாம், நீ தயாரா என்று அது கேட்கும். தயார் என்று நாம் முடிக்க வேண்டும். முதல் கேள்விக்குப் பதில் வராவிட்டால், வழியில் தொலைந்திருக்கும் என்று நம் கணினி மறுபடி கேட்கும். ஒரு வினாடி பொறுத்து ஒரு முறை, பிறகு 2 வினாடி, 4, 8, 16, 32 என்று ஒவ்வொரு முறையும் இரு மடங்கு பொறுத்து, கடைசியாக 64 வினாடி காத்திருந்து கைவிடும். எல்லாவற்றையும் கூட்டினால் 127. விண்டோஸ் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. அதனால்தான் மச்சானின் கணினி இருபது வினாடியில் சலித்துக்கொண்டது.

சேவை எதுவும் ஓடாத ஒரு கவுன்ட்டரைத் தட்டினால் இப்படி நடக்காது. இங்கே ஆள் இல்லை, போ என்று எதிர்க் கணினி உடனே பதில் அனுப்பிவிடும். இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி கண்ணிமைக்கும் நேரத்தில் வரும். அந்த மறுப்பு ஒரு நல்ல சேதிதான். பொட்டலம் போய்ச் சேர்ந்தது, பதிலும் திரும்பி வந்தது, பாதையில் கோளாறு இல்லை என்பதற்கு அது பெரும்பாலும் சாட்சி.

மௌனம் அப்படியல்ல. தடுப்புச் சுவர் எழுப்புகிறவர்கள் பெரும்பாலும், தடுத்துவிட்டோம் என்று சொல்லி அனுப்புவதில்லை, பொட்டலத்தை விழுங்கிவிடுவதோடு சரி. நிர்வாகக் காரணத்தால் தடுக்கப்பட்டது என்று சொல்லி அனுப்பவே இணைய நெறிமுறையில் ஒரு குறியீடு இருக்கிறது. அதை அனுப்புகிறவர்கள் அபூர்வம். ஆக, நம் கையில் இருப்பது ஒரு மௌனம். அது யாருடைய மௌனம்? சர்வர் செத்துக் கிடக்கிறதா, நம் கணினியே வெளியே விடவில்லையா, ரவுட்டரா, இணையச் சேவை நிறுவனமா? வெளியிலிருந்து பார்த்தால் நான்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

இங்கே பிங் உதவாது. 1983-இல் மைக் மூஸ் எழுதிய அந்தச் சிறு நிரல் அனுப்பும் பொட்டலத்தில் போர்ட் எண்ணே கிடையாது. கட்டடம் இருக்கிறதா என்று அது சொல்லும், எந்தக் கவுன்ட்டர் திறந்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பிங் நன்றாக வருகிறது என்பதை வைத்து எல்லாம் சரி என்று சொல்வதும், பிங் வரவில்லை என்பதை வைத்து எல்லாம் போச்சு என்று சொல்வதும் தவறு.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்று

செய்ய வேண்டியது ஆய்வுக்கூடத்தில் செய்வதுதான். மூன்று சங்கதிகள் இருக்கின்றன: எந்த இணைப்பிலிருந்து, எந்தச் சர்வருக்கு, எந்த போர்ட்டில். ஒவ்வொரு சோதனையிலும் இதில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்ற இரண்டும் அப்படியே இருக்க வேண்டும்.

முதலில் இணைப்பை மாற்றினேன். கைபேசியின் ஹாட்ஸ்பாட்டில் மடிக்கணினியைச் சேர்த்து, அதே சர்வர், அதே 25. மறுபடியும் அதே மௌனம்.

"அப்ப சர்வர்தான் போச்சுங்களா?" என்றார் மச்சான். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் தோன்றியது. இரண்டு வெவ்வேறு பாதைகளில் ஒரே விளைவு என்றால் குற்றம் எதிர் முனையில் என்பதுதானே தர்க்கம்? அந்தத் தர்க்கம் செல்ல, இரண்டு பாதைகளும் ஒரே மாதிரித் தடை போடாதவையாக இருக்க வேண்டும். கைபேசி இணைப்புகளிலும் 25 அடைபட்டிருப்பது சகஜம். வாடகைச் சர்வர் தரும் பெரிய கிளவுட் நிறுவனங்கள் சிலவும் வெளியே போகும் 25-ஐ இயல்பாகவே அடைத்து வைத்திருக்கின்றன. இரண்டு சாட்சிகளும் ஒரே ஊர்க்காரர்களாகிவிட்டால் அவர்கள் சொல்வது ஒத்துப்போவதில் வியப்பில்லை.

அடுத்து சர்வரை மாற்றினேன். வீட்டு இணைப்பு, 25-ஆம் எண், ஆனால் சம்பந்தமே இல்லாத மூன்று வேறு மெயில் சர்வர்கள். மூன்றும் மௌனம். உலகத்து மெயில் சர்வர்கள் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை படுத்துவிட வாய்ப்பில்லை. இப்படிச் சோதிப்பவர்களுக்காகவே எல்லா எண்களிலும் பதில் சொல்லும் பொதுச் சர்வர்களும் இருக்கின்றன. அப்படி ஒன்றில் 24-ஆம் எண்ணைத் தட்டினேன், பதில் வந்தது. 26, வந்தது. 25, வரவில்லை.

கடைசியாக எண்ணை மாற்றினேன். மச்சானின் அதே மெயில் சர்வர், 25-க்குப் பதில் 587. கட்டளையைக் கொடுத்து விரலை எடுக்கும் முன்னே திரையில் 220 என்று தொடங்கி ஒரு வரி வந்து நின்றது. மெயில் சர்வர் வணக்கம் சொல்லும் விதம் அது: 220, பிறகு தன் பெயர். சர்வர் உயிரோடுதான் இருக்கிறது.

அந்த 220 வரியைப் படிப்பது முக்கியம். இணைப்பு கிடைத்தது என்பதை மட்டும் வைத்து ஏமாந்துவிடக் கூடாது. சில ஆன்டிவைரஸ் மென்பொருள்கள் மின்னஞ்சலைச் சோதிப்பதற்காக நடுவில் உட்கார்ந்து, சர்வர் சார்பில் தாமே கைகுலுக்கிவிடும். டிஎன்எஸ்ஸின் 53-ஆம் எண்ணில் இன்னொரு வேடிக்கை நடப்பதுண்டு: நீங்கள் யாரைக் கேட்டாலும், இணையச் சேவை நிறுவனத்தின் சர்வரே இடைமறித்துப் பதில் சொல்லிவிடும். கதவு திறந்ததா என்பதோடு, திறந்தவர் வீட்டுக்காரர்தானா என்றும் பார்க்க வேண்டும்.

இனி மிச்சம் இருப்பது, நம் கணினி, ரவுட்டர், இணையச் சேவை நிறுவனம் ஆகிய மூவர். என் மடிக்கணினியிலும் மச்சானின் கணினியிலும் ஒரே விளைவு என்பதால் முதல் ஆள் விடுதலை. மற்ற இருவரில் யார் என்று பார்க்க ஒரு பழைய உபாயம் இருக்கிறது.

இணையத்தில் போகும் ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் ஓர் ஆயுள் எண் எழுதியிருக்கும். வழியில் ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். யாருடைய கையில் அது பூஜ்யமாகிறதோ அவர் பொட்டலத்தைப் போட்டுவிட்டு, இங்கே ஆயுள் முடிந்தது என்று அனுப்பியவருக்குச் சொல்லி அனுப்புவார். வழி தெரியாத பொட்டலம் காலம் காலமாகச் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. 1980-களின் பிற்பகுதியில் வான் ஜேக்கப்சன் அதையே தடம் பார்க்கும் கருவியாக மாற்றினார். ஆயுள் 1 என்று ஒரு பொட்டலம், 2 என்று அடுத்தது, 3 என்று அதற்கடுத்தது. சாகும் இடமெல்லாம் தன் பெயரைச் சொல்ல, பாதை முழுவதும் திரையில் வந்துவிடும். இதுதான் டிரேஸ்ரவுட். விண்டோஸில் இருக்கும் சாதாரண வடிவம் பிங் வகைப் பொட்டலங்களை அனுப்புவதால் போர்ட் தடையை அது காட்டாது. குறிப்பிட்ட டிசிபி எண்ணுக்கு அனுப்பும் வடிவம் வேண்டும்.

மச்சானின் மெயில் சர்வருக்கு 587-இல் தடம் பார்த்தேன். பதினொன்றாவது வரியில் சர்வரையே எட்டியது. நடுவில் இரண்டு வரிகளில் வெறும் நட்சத்திரக் குறிகள். சில ரவுட்டர்கள் பதில் சொல்வதில்லை, அதனால் பாதகமில்லை. அடுத்து 25-இல் பார்த்தேன். முதல் வரி, வீட்டு ரவுட்டர். இரண்டாம் வரி, 100.64 என்று தொடங்கும் ஒரு முகவரி. அதன் பிறகு கீழே வரை நட்சத்திரம்தான். 100.64-இல் தொடங்கும் அந்த முகவரிக் கூட்டம், இணையச் சேவை நிறுவனங்கள் தங்கள் வலைக்குள் பயன்படுத்திக்கொள்வதற்கென்று 2012-இல் ஒதுக்கப்பட்டது. அதாவது பொட்டலம் வீட்டு ரவுட்டரைத் தாண்டிவிட்டது. தெருமுனையைத் தாண்டியதும் காணாமல் போகிறது.

அடைத்தவர்களின் நியாயம்

"நாம காசு கட்டுறம். அவங்க எப்படிங்க அடைக்கலாம்?" என்று மச்சான் கோபப்பட்டார். நியாயமான கேள்விதான். பதில் நாற்பது ஆண்டு பின்னால் இருக்கிறது.

25-ஆம் எண்ணில் பேசப்படும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறையை 1982-இல் எழுதியவரும் ஜான் போஸ்டல்தான். அன்றைய வலையில் இருந்தவை பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களும்தான், கிட்டத்தட்ட எல்லோரும் எல்லோரையும் அறிந்தவர்கள். அதனால் கடிதம் கொண்டுவருபவர் யார் என்று கேட்கும் வழக்கமே அந்த நெறிமுறையில் வைக்கப்படவில்லை. அனுப்புநர் இன்னார் என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம், கவுன்ட்டர் வாங்கி வைத்துக்கொள்ளும்.

வீடுகளுக்கு அகலப்பாட்டை இணைப்பு பரவியபோது இந்த வெகுளித்தனம் வினையாயிற்று. 2003-இல் பரவிய சோபிக் போன்ற புழுக்கள் மெயில் அனுப்பும் நிரலைத் தமக்குள்ளேயே வைத்திருந்தன. பாதிக்கப்பட்ட வீட்டுக் கணினி, சொந்தக்காரருக்குத் தெரியாமலேயே, உலகத்து மெயில் சர்வர்களின் 25-ஆம் கவுன்ட்டருக்கு நேராகப் போய்க் குப்பைக் கடிதங்களைக் கொட்டியது. அதன் பழி அந்த ஒரு வீட்டோடு போகவில்லை. அந்த நிறுவனத்தின் முகவரித் தொகுதி முழுவதும் கறுப்புப் பட்டியலில் ஏற, பக்கத்து வீட்டாரின் நல்ல கடிதமும் திரும்பி வந்தது.

தீர்வுக்கான விதை 1998-லேயே போடப்பட்டிருந்தது. கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவதும், ஒரு தபால் நிலையத்திலிருந்து இன்னொரு தபால் நிலையத்துக்குப் பை போவதும் வேறு வேறு வேலைகள். இரண்டையும் ஒரே கவுன்ட்டரில் வைத்ததுதான் குழப்பம். ஆகவே பயனர் தன் கடிதத்தை ஒப்படைக்க 587 என்று தனி எண் ஒதுக்கப்பட்டது. அங்கே பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கலாம். வீட்டுக் கணினிக்கு இனி 25 தேவையில்லை என்றானதும், நிறுவனங்கள் தைரியமாக அதை அடைக்கத் தொடங்கின. ஜப்பானில் 2005 வாக்கில் இணையச் சேவை நிறுவனங்கள் பேசிவைத்துக்கொண்டு இதைப் பரவலாகச் செய்தன. 2007-இல் வந்த ஒரு நடைமுறை ஆவணம் அடைப்பவர்களுக்கும் ஒரு கடமையை எழுதியது: 587-ஐ எந்த நிறுவனமும் அடைக்கக் கூடாது.

இப்படி வடுவாக நிற்கும் எண்கள் இன்னும் உண்டு. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு யூடிபி 1434 வழியாகப் பரவியது. அதன் மொத்த உடம்பே 376 பைட்டுகள். பத்தே நிமிடத்தில், தாக்கப்படக்கூடிய சர்வர்களில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிட்டது. 2017 மே மாதம் வான்னாக்ரை, விண்டோஸ் கோப்புப் பகிர்வின் 445 வழியாக வந்தது. பல நிறுவனங்கள் 445-ஐயும் அடைத்திருக்கின்றன. கிளவுடில் இருக்கும் கோப்பகத்தை வீட்டுக் கணினியில் ஒரு டிரைவ் போல இணைக்க முயன்று, அதே மௌனத்தைச் சந்திப்பவர்கள் பெரும்பாலும் இந்த எண்ணில்தான் முட்டுகிறார்கள். அவர்களுக்கு விபிஎன் கைகொடுக்கும். எல்லாப் பொட்டலங்களையும் ஒரே உறைக்குள் போட்டு அனுப்புவதால், உள்ளே எழுதியிருக்கும் எண் தெருமுனைக்காரருக்குத் தெரியாது. விபிஎன் போட்டதும் ஒரு சேவை ஓடுகிறது என்றால், தடை இடையில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல ஆதாரமும் ஆகும்.

நிறுவனத்திடம் பேசித்தான் ஆக வேண்டும் என்றால், "நெட் வேலை செய்யவில்லை" என்று தொடங்காதீர்கள். அதற்கு ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற ஒரே பதில்தான் அவர்களிடம் இருக்கிறது. இன்ன சர்வர், இன்ன எண், இத்தனை மணிக்கு. அதே சர்வரில் வேறு எண் வேலை செய்கிறது. தடம் இரண்டாவது வரிக்குப் பிறகு நிற்கிறது என்று சொல்லுங்கள். அப்போது புகார், அதைப் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவரிடம் போகும்.

மச்சான் விஷயத்தில் அதற்கு அவசியம் வரவில்லை. மென்பொருளின் அமைப்புப் பக்கத்தில் ஒரு சிறு கட்டத்தில் 25 என்று இருந்தது. அதை அழித்து 587 என்று அடித்தோம், பூட்டிய இணைப்பைத் தேர்ந்தெடுத்தோம், மெயில் கணக்கின் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தோம். பொத்தானை அழுத்தினார். முப்பத்தெட்டு பில்களும் ஒரு நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்தன.

"அப்ப அந்த இருபத்தஞ்சை மூடியே போட்டாங்களா மாப்ள?" என்று டீ டம்ளரை எடுத்துக்கொண்டே கேட்டார்.

இல்லை. 587-இல் அவருடைய பில்களை வாங்கிக்கொண்ட மெயில் சர்வர், யூனிட்டுக்காரர்களின் மெயில் சர்வர்களுக்கு அவற்றை எடுத்துக்கொண்டு போனது 25 வழியாகத்தான். சர்வருக்கும் சர்வருக்கும் இடையே இன்றைக்கும் அதுதான் பாதை. மச்சானின் மென்பொருள் இத்தனை நாளும் பை மாற்றும் கவுன்ட்டரில் போய் நின்று, ஒற்றைக் கடிதத்தை நீட்டிக்கொண்டிருந்தது.